வேலைக் கடிதம் இல்லாதவர் ஷெங்கன் விசாவுக்கு எதைக் காட்டுவது?

கேள்வி: நான் அரசாங்கப் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன், வயது 67. மனைவிக்கு 63, அவர் தொழில் பார்த்தவரல்லர். கொக்குவிலில் சொந்த வீடு உண்டு. இப்போது மகளின் குடும்பத்தோடு வெள்ளவத்தையில் வசிக்கிறோம். வரும் மே மாதத்தில் பாரிஸ் புறநகரில் உள்ள மைத்துனர் வீட்டில் 9 இரவுகளும், பின்னர் சுவிற்சர்லாந்தில் ஹோட்டலில் 7 இரவுகளும் தங்கிவர விரும்புகிறோம். 2018இல் கனடா சென்று மகனுடன் இருந்து திரும்பியிருக்கிறோம். விசாவுக்கான ஆவணப் பட்டியலில் தொழில் வழங்குநரின் கடிதம் கேட்கப்படுகிறது. தனியார் நிறுவனமொன்றில் நான் ஆலோசகராக வேலை செய்வதாகக் கடிதம் எடுத்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். மகன் என் கணக்கில் 25 இலட்சம் ரூபா போடுவதாகச் சொல்கிறான். சுவிஸ் ஊடாக விண்ணப்பித்தால் இலகு என்கிறார் ஒரு நண்பர். ஓய்வூதியக் கோவையில் என் பெயர் ஒரு மாதிரியும் கடவுச்சீட்டில் வேறு மாதிரியும் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?
— ஓய்வுபெற்ற அதிபர், வெள்ளவத்தை

பதில்: மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் முகவரின் கடிதத்தைப் பற்றி. அதை வாங்க வேண்டாம். இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். பட்டியலில் தொழில் வழங்குநரின் கடிதம் கேட்கப்படுவது வேலை பார்ப்பவர்களிடம். ஓய்வுபெற்றவர் அந்த இடத்தில் ஓய்வூதியச் சான்றை வைக்கிறார். விண்ணப்பப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் ‘ஓய்வுபெற்றவர்’ என்று எழுதுகிறார். 67 வயதில் நீங்கள் இல்லாத வேலையொன்றைக் காட்டினால், அந்த வேலைக்குரிய சம்பளம் வங்கிக் கணக்கில் ஏன் வரவில்லை, ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்பு எங்கே என்ற கேள்விகள் தாமாகவே எழும். போலி ஆவணம் என்று தெரியவந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்பதோடு விடயம் முடிவதில்லை. ஷெங்கன் விசாத் தகவல் முறைமையில் அந்தப் பதிவு ஐந்து ஆண்டுகள் வரை இருக்கும். ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய 29 ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் எந்த நாட்டின் தூதரகத்துக்குப் பின்னர் போனாலும் அது அவர்களுடைய திரையில் தெரியும். நாற்பது வருடம் நேர்மையாகச் சேவை செய்து பெற்ற ஓய்வூதியம் கையில் இருக்கும்போது, ஒரு போலிக் கடிதத்துக்காக அதன் மதிப்பை நீங்களே குறைத்துக்கொள்ளத் தேவையில்லை.

அடுத்தது எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பது. இதில் விருப்பத்துக்கு இடமில்லை. பல ஷெங்கன் நாடுகளுக்குச் செல்பவர், எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறாரோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். தங்கும் நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும். உங்களுடைய திட்டத்தில் பிரான்சில் 9 இரவுகள், சுவிற்சர்லாந்தில் 7, ஆகவே பிரான்ஸ். சுவிஸ் இலகு என்று நண்பர் சொன்னதற்காக ஹோட்டல் முன்பதிவுகளை மாற்றி எழுதி, விசா கிடைத்த பின் வேறு விதமாகப் பயணம் செய்வது, எல்லையில் கேள்வி கேட்கப்படும்போது சங்கடத்தையே தரும்.

இனி உங்கள் கோவையின் முதுகெலும்பான ஓய்வூதியச் சான்றுக்கு வருவோம். ஓய்வூதியம் பெறுபவர் என்பதற்கு ஓய்வூதிய அட்டையின் பிரதியை மட்டும் வைத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அட்டை நீங்கள் யார் என்று சொல்லுமே தவிர, மாதாந்தம் எவ்வளவு வருகிறது, அது வாழ்நாள் முழுவதும் வருமா என்பதைச் சொல்லாது. விசா அதிகாரிக்குத் தேவையானது இந்த இரண்டாவது தகவல். எனவே உங்கள் ஓய்வூதியக் கொடுப்பனவை நிர்வகிக்கும் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவிடம், நீங்கள் வகித்த பதவி, ஓய்வுபெற்ற திகதி, ஓய்வூதிய இலக்கம், தற்போதைய மாதாந்தத் தொகை ஆகியவற்றைக் குறிப்பிடும் உறுதிப்படுத்தல் கடிதமொன்றை எழுத்து மூலம் கேளுங்கள். ஆங்கிலத்தில் தர முடியுமா என்று அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. தமிழில் கிடைத்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றி, மூலத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் வெள்ளவத்தையில் வசித்தாலும், ஓய்வூதியக் கோவையை இன்னும் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கு மாற்றவில்லை என்றால் அது நல்லூர் பிரதேச செயலகத்திலேயே இருக்கக்கூடும். அப்படியானால் யாழ்ப்பாணத்தில் உள்ள யாராவது ஒருவருக்கு அதிகாரமளித்துக் கடிதம் கொடுத்தோ, நீங்களே ஒரு நாள் போயோ அதை எடுக்க வேண்டும். விண்ணப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது இதைக் கண்டுபிடித்து அந்தரப்படுகிறவர்களை நான் அடிக்கடி காண்கிறேன்.

வங்கிக் கணக்குக்கூற்று பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓய்வுபெற்றவர்களின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் பலவீனப்படுகின்றன. கடைசி மூன்று மாதக் கூற்றைக் கொடுப்பது வழக்கம். நான் ஆறு மாதத்துக்குக் கொடுக்கச் சொல்லுவேன், ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் ஓய்வூதியம் வந்து சேருவது அப்போதுதான் ஒரு கோடாகத் தெரியும். நம்மவர்களில் பலர் ஓய்வூதியம் வந்த மறுநாளே முழுவதையும் ஏ.டி.எம்மில் எடுத்து வீட்டில் வைத்துச் செலவழிப்பார்கள். பழக்கமாக அது தவறில்லை. ஆனால் கூற்றில் மாத இறுதி மீதி சில நூறு ரூபாவாகவே தெரியும். இன்றிலிருந்தே தேவைக்கு மட்டும் எடுத்து மிகுதியைக் கணக்கிலேயே விட்டுவைத்தால், மே மாதப் பயணத்துக்கு விண்ணப்பிக்கும்போது கூற்று வேறு தோற்றத்தோடு இருக்கும். அந்தத் தோற்றம் உண்மையானதாகவும் இருக்கும்.

நிலையான வைப்புகள் இருந்தால் அவற்றை உடைத்துச் சேமிப்புக் கணக்குக்கு மாற்ற வேண்டாம். வட்டியும் போகும், திடீரென ஒரு பெரிய தொகை வரவு வைக்கப்பட்டதாகவும் தெரியும். வைப்புத் தொகை, தொடங்கிய திகதி, முதிர்வுத் திகதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு வங்கி முகாமையாளர் கையொப்பமிடும் ஆங்கிலக் கடிதமே போதுமானது. ஏற்கெனவே வைப்பொன்று முதிர்ந்து, அதனால் கூற்றில் பெரிய வரவொன்று பதிவாகியிருந்தால், அந்த வரியின் பக்கத்தில் பென்சிலால் ஓர் இலக்கமிட்டு, அதே இலக்கத்தோடு வைப்பு முடிவுறுத்தப்பட்ட பத்திரத்தின் பிரதியைப் பின்னால் இணையுங்கள். கூற்றைப் படிப்பவர் அந்த வரியில் நின்று யோசிக்கும்போது பதில் அடுத்த தாளிலேயே இருக்க வேண்டும்.

மகன் போடுவதாகச் சொல்லும் 25 இலட்சம் ரூபாவை நான் ஏற்கமாட்டேன். விண்ணப்பத்துக்குச் சில வாரங்களுக்கு முன் வந்து சேரும் பணம் உங்களுடையதா, கடனா, விசா கிடைத்த மறுநாள் திரும்பிப் போகப் போவதா என்று எந்த அதிகாரியும் ஐயுறுவார். தேவையான அளவையும் கொஞ்சம் பாருங்கள். பிரான்ஸ் தன் எல்லைக்குள் தங்குபவரிடம் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச வசதி, உறவினர் வீட்டு வரவேற்புப் பத்திரம் (வீட்டுக்காரர் தம் நகரசபையில் பெறுவது; கீழே விளக்குகிறேன்) உள்ளவருக்கு நாளொன்றுக்கு 32.50 யூரோ, ஹோட்டல் முன்பதிவு உள்ளவருக்கு 65 யூரோ, இரண்டும் இல்லாதவருக்கு 120 யூரோ. சுவிற்சர்லாந்து நாளொன்றுக்கு 100 பிராங்க் என்ற அளவில் பார்க்கிறது. ஆகவே உங்கள் இருவருக்கும் பிரான்சில் 9 நாட்களுக்கு 585 யூரோ, சுவிஸில் 7 நாட்களுக்கு 1,400 பிராங்க் என்பது அடிமட்டக் கணக்கு. உண்மையில் சுவிஸில் ஹோட்டலும் ரயிலும் இதை எளிதில் தாண்டிவிடும் என்பதால் இதைவிடத் தாராளமாகவே காட்டுங்கள். ஆனால் உங்கள் வைப்பும் ஓய்வூதியமும் இதைத் தாங்குமானால் மகனின் பணத்துக்கு வேலையே இல்லை.

அப்படியும் மகன்தான் செலவை ஏற்கிறார் என்றால், அதை மறைக்காமல் நேராகச் சொல்லலாம். அவர் உங்கள் செலவை ஏற்பதாகக் கையொப்பமிட்ட கடிதம், அவருடைய வேலை உறுதிப்படுத்தல், அவருடைய வங்கிக் கூற்று, கனடாவில் அவருடைய வதிவிட உரிமைக்கான சான்று, அவர் உங்கள் மகன் என்பதைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை தேவைப்படும். பணம் அவருடைய கணக்கிலேயே இருக்கலாம். உங்கள் கணக்குக்கு வந்து போக வேண்டியதில்லை. என் விருப்பம் உங்கள் சொந்தப் பணத்தில் போய்வரும் முதலாவது வழியே. பயணச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு ஒரே பதில் இருக்கும் கோவை சுலபமாகப் படிக்கப்படும்.

உங்கள் மனைவியின் விண்ணப்பம் தனியானது, கட்டணமும் தனியானது. ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் வயதுவந்த ஒருவருக்கு 90 யூரோ. முதியோருக்கு விலக்கு இல்லை. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் அதற்குப் புறம்பானது. நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்பக் கிடைக்காது. அவருக்குத் தனி வருமானம் இல்லை என்பது குறையல்ல. நீங்கள் அவருடைய செலவை ஏற்பதாக ஒரு கடிதமும் விவாகச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவருடைய கோவையில் இருக்க வேண்டும். உங்கள் ஓய்வூதியக் கடிதமும் வங்கிக் கூற்றும் உங்கள் கோவையில் இருக்கின்றனவே என்று அவருடையதை வெறுமையாக விடாதீர்கள். இரண்டு கோவைகளும் பிரிக்கப்பட்டு வெவ்வேறு மேசைகளுக்குப் போகக்கூடும் என்று எண்ணி, பொதுவான ஆவணங்கள் அனைத்தின் பிரதிகளையும் இரண்டிலும் வையுங்கள்.

மைத்துனரின் வீட்டில் தங்குவதற்கு அவர் மின்னஞ்சலில் எழுதும் அழைப்புக் கடிதம் போதாது. பிரான்சில் குடும்பத்தாரோ நண்பரோ வீட்டில் தங்குபவருக்கு, வீட்டுக்காரர் தம் நகரசபையில், அங்குள்ள தமிழர்கள் ‘மெரி’ என்று சொல்லும் அலுவலகத்தில், நேரில் விண்ணப்பித்து வரவேற்புப் பத்திரம் ஒன்றைப் பெற வேண்டும். ‘அத்தெஸ்தாசியோன் தக்கெய்’ என்று கேட்டால் அங்கே எவருக்கும் விளங்கும். அவருடைய அடையாள அட்டை அல்லது வதிவிட அட்டை, வீட்டுக்கான சான்று, வருமானச் சான்று, நீங்கள் எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை தங்குகிறீர்கள் என்ற விபரம் எல்லாம் அங்கே கேட்கப்படும். தம்பதியாகச் செல்பவர்கள் ஒரே பத்திரத்தில் இடம்பெறலாம். நகரசபைக்கு நகரசபை நேரம் ஒதுக்கும் முறையும் எடுக்கும் காலமும் வேறுபடும் என்பதால் மைத்துனரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். கொழும்புக்கு வந்து சேர வேண்டியது மூலப்பத்திரம். வாட்ஸ்அப்பில் வரும் படம் அன்று. அதைப் பதிவுத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் பிரதியை ஒப்படைத்து, மூலத்தை நுழைவிடத்தில் காட்டுவதற்காகப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பத்திரத்தில் உங்கள் கடவுச்சீட்டு இலக்கமும் எழுதப்படும் என்பதால், வேலைகளின் வரிசை முக்கியமாகிறது. கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதங்களாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் பத்தரமுல்லையில் அந்த வேலையை முடித்த பின்னரே மைத்துனருக்கு இலக்கத்தை அனுப்புங்கள். காப்புறுதியும் அதன் பிறகே. முதலில் காப்புறுதியை எடுத்து, பிறகு கடவுச்சீட்டை மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி திருத்துகிறவர்கள் உண்டு.

பெயர் வேறுபாடு நம் தலைமுறையினருக்குப் பொதுவான தொல்லை. பிறப்புப் பதிவு தமிழில், சேவைக் கோவை ஆங்கிலத்தில், அடையாள அட்டை இன்னொரு காலத்தில் என்று மூன்று எழுத்தர்கள் மூன்று விதமாக எழுதியதன் விளைவு அது. சண்முகம் என்ற தகப்பன் பெயர் ஓரிடத்தில் ‘எஸ்’ எழுத்தோடும் இன்னோரிடத்தில் ‘எஸ்-எச்’ எழுத்துகளோடும் தொடங்குவதால் மட்டும் எவரும் விசாவை மறுப்பதில்லை. ஆனால் ஓய்வூதியக் கடிதத்தில் முதலெழுத்துகள் மட்டும் இருந்து, கடவுச்சீட்டில் முழுப்பெயர் வேறு வரிசையில் இருந்தால், ஓய்வூதியம் பெறுபவரும் விண்ணப்பிப்பவரும் ஒருவரா என்பது தெளிவாக வேண்டும். சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையில், குறிப்பிட்ட இரண்டு பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, தேசிய அடையாள அட்டை இலக்கத்தை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியக் கடிதத்திலும் அதே அடையாள அட்டை இலக்கத்தைக் குறிப்பிடக் கேட்டால் முடிச்சு இன்னும் இறுகும். விமானச் சீட்டு, காப்புறுதி, வரவேற்புப் பத்திரம், ஹோட்டல் முன்பதிவு அனைத்திலும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே எழுத்துக்கு எழுத்து பின்பற்றுங்கள்.

திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்விக்கு நம்மவர்கள் உடனே நீட்டுவது காணி உறுதியை. கொக்குவில் உறுதியின் பிரதியையும் சுருக்கமான மொழிபெயர்ப்பையும் வைக்கலாம், வைத்தால் நல்லதே. ஆனால் பெருந்தொகை செலவழித்து மதிப்பீட்டாளரிடம் காணியின் பெறுமதி அறிக்கை எடுப்பது வீண் செலவு என்பது என் கருத்து. காணி எங்கும் போகாது, ஆகவே அது உங்களையும் திரும்ப அழைக்காது என்று எண்ணும் அதிகாரி உண்டு. உங்களிடம் அதைவிட வலுவான ஆதாரம் ஒன்று இருக்கிறது: 2018இல் கனடா விசா ஒட்டப்பட்ட பழைய கடவுச்சீட்டு. அதில் கட்டுநாயக்கவில் புறப்பட்டபோதும் திரும்பி வந்தபோதும் குத்தப்பட்ட முத்திரைகள் இருக்கும். மகன் இருக்கும் நாட்டுக்கே சென்று, அனுமதிக்கப்பட்ட காலத்துக்குள் திரும்பி வந்தவர், மைத்துனர் இருக்கும் நாட்டிலும் தங்கிவிடமாட்டார் என்பதை அந்த இரண்டு முத்திரைகள் சொல்லும். பழைய கடவுச்சீட்டைத் தொலைத்துவிடாமல் எடுத்து, அந்தப் பக்கங்களின் பிரதியை வைத்து, மூலத்தையும் கொண்டு போங்கள். அதோடு கொழும்பில் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் வசிப்பதைக் காட்டும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழும், வாழ்நாள் ஓய்வூதியமும் சேர்ந்தால் படம் முழுமையாகும்.

காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் நாட்கள் அனைத்துக்கும் இருக்க வேண்டும். அவசர மருத்துவம், வைத்தியசாலை அனுமதி, மரணம், நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு ஆகியவற்றை அது உள்ளடக்க வேண்டும். விசாவுக்கு இவ்வளவு போதும். உங்கள் வயதில் உங்களுக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. நீரிழிவு, இரத்த அழுத்தம், பழைய இதய நோய் போன்றவற்றைப் பல பயணக் காப்புறுதிகள் விலக்கிவிடுகின்றன. காப்புறுதி நிறுவனத்திடம் உள்ள நோய்களை மறைக்காமல் சொல்லி, எது உள்ளடங்கும், எது உள்ளடங்காது என்பதை எழுத்தில் கேளுங்கள். கட்டுப்பணம் கூடினாலும் பரவாயில்லை. வழக்கமாக எடுக்கும் மருந்துகளை அவற்றின் பெட்டிகளோடும், வைத்தியரின் ஆங்கில மருந்துச் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள்.

விமானச் சீட்டை விசாவுக்கு முன் பணம் செலுத்தி வாங்க அவசரப்பட வேண்டாம்; போய்வரும் முன்பதிவு போதும். சுவிஸ் ஹோட்டல்களைக் கட்டணமின்றி இரத்துச் செய்யக்கூடிய முறையில் பதிவு செய்யுங்கள். பாரிஸில் உள்ள ‘கார் து லியோன்’ ரயில் நிலையத்திலிருந்து சூரிச்சுக்கோ பாசலுக்கோ நேரடி ரயில் உண்டு. அந்தப் பயணத்தின் திகதி உங்கள் நாட்திட்டத்தில் இருந்தால், 9 இரவுகள் எங்கே முடிகின்றன, 7 இரவுகள் எங்கே தொடங்குகின்றன என்பதில் இடைவெளி இராது. இடையில் ஓர் இரவு எந்தப் பத்திரத்திலும் இல்லாமல் போவது எளிதில் நேரும் பிழை.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து கொடுக்கலாம்; பயணத்துக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்னராவது கொடுத்துவிட வேண்டும். முடிவு சாதாரணமாகப் பதினைந்து நாட்களில் வரும், ஆனால் நாற்பத்தைந்து நாட்கள் வரை நீளலாம். மே மாதப் பயணத்துக்குப் பெப்ரவரியில் நேரம் ஒதுக்கிக்கொள்வது நிதானமானது. விரலடையாளம் கொடுக்க இருவரும் நேரில் போக வேண்டும். ஒரு முறை கொடுத்தால் 59 மாதங்கள் வரை அதையே மீண்டும் பயன்படுத்தலாம். வயதானவர்களின் விரல் ரேகை தேய்ந்திருந்தால் இயந்திரம் ஓரிரு முறை ஏற்காது; அதற்காகப் பதற்றப்பட வேண்டாம், ஊழியர்கள் மறுபடி எடுப்பார்கள்.

கோவையின் முன்பக்கத்தில் ஒன்றரைப் பக்கத்துக்கு மேற்படாத ஆங்கிலக் கடிதமொன்றை வையுங்கள். நீங்கள் யார், ஏன் போகிறீர்கள், எந்தெந்த நாள் எங்கே தங்குகிறீர்கள், செலவை எதிலிருந்து செய்கிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்பதை இந்த வரிசையிலேயே எழுதி, ஒவ்வொரு விடயத்தின் முடிவிலும் அதற்குரிய இணைப்பின் இலக்கத்தைக் குறிப்பிடுங்கள். மைத்துனர் பாரிஸில் இருப்பதையும் மகன் கனடாவில் இருப்பதையும் அதில் மறைக்காதீர்கள். தூதரகம் தேவையெனக் கண்டால் உங்களை நேர்முகத்துக்கு அழைக்கலாம். அப்போது உங்கள் மனைவியும் அதே திகதிகளையும் இடங்களையும் சொல்ல வேண்டும் என்பதால், கடிதத்தை அனுப்புமுன் ஒரு தடவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

விசா கிடைத்ததும் ஒட்டப்பட்ட தாளில் பெயர், செல்லுபடியாகும் திகதிகள், தங்கக்கூடிய நாட்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அங்கேயே சரிபார்த்து, பிழை இருந்தால் உடனே தெரிவியுங்கள். விசா இருந்தாலும் நுழைவிடத்தில் அதிகாரி மீண்டும் கேட்கலாம். வரவேற்புப் பத்திரத்தின் மூலம், காப்புறுதி, திரும்பும் சீட்டு, ஹோட்டல் பதிவு ஆகியவற்றைப் பெட்டிக்குள் போட்டு விமானத்தில் அனுப்பிவிடாமல் கைப்பையிலேயே கொண்டு செல்லுங்கள்.